கூடுதுறையிலிருந்து பத்துமலை வரை: ஒரு ஆற்றோரப் பாதையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

போன வாரம் நம்ம கோயில் இளைஞர் வாட்ஸ்அப் குழுவுல ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்துல ஆத்தோரமா அழகா நடைபாதை போட்டிருக்காங்களே, அப்படியே ஆத்தைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள்லயே பத்துமலை வரைக்கும் போயிட முடியுமா?" உடனே நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. இன்னைக்குத் தேதிக்கு முடியாது, அது வேற விஷயம். ஆனா அந்தத் தம்பி தெரிஞ்சோ தெரியாமலோ சரியான இடத்துல கையை வச்சிட்டார். தலைநகர் மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் இணைக்கிற பழைய வழி தார் ரோடு இல்லை, ஆறுதான்.

படத்தை மனசுல வரைஞ்சு பாருங்க. பத்துமலை அடிவாரத்துல ஓடுறது சுங்கை பத்து. காவடி எடுக்கிறவங்க குளிச்சு, முடி இறக்கி, அலகு குத்திப் புறப்படுறது அந்த ஆத்தங்கரையில இருந்துதான். அந்தத் தண்ணி தெற்கே வந்து கோம்பாக் ஆற்றுல சேருது. கோம்பாக் ஆறு நகரத்துக்குள்ள இறங்கி, மஸ்ஜிட் ஜாமெக் மூலையில கிள்ளான் ஆற்றோட கலக்குது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா ஜாலான் துன் எச்.எஸ். லீ, மகாமாரியம்மன் கோயில். அதாவது மலையடியில பக்தர் தலையில ஊத்திக்கிற தண்ணி, தேர் புறப்படுற கோயிலின் பக்கமாகத்தான் கடலுக்குப் போகுது. தேர் மேலே போகுது, தண்ணி கீழே வருது. இத்தனை வருஷம் தண்ணீர்ப் பந்தல்ல நின்னு மோர் ஊத்தியிருக்கோம், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வரைபடத்தைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல அந்த மூலையைப் பத்தி. ரெண்டு ஆறு சேரும் இடத்தை நம்ம தமிழ்ல கூடுதுறை என்போம். பவானியில ஒரு கூடுதுறை இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம கோலாலம்பூரும் கூடுதுறையில பிறந்த ஊர்தான். 1857-ல் கிள்ளான் பகுதியை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தோண்டுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்று வழியாக அனுப்பினார். படகு அதுக்கு மேல போக முடியாமல் நின்ற இடம் இந்தக் கூடுதுறை. அங்கே இறங்கி, காட்டுக்குள்ளே நடந்து அம்பாங் போனார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் பெரும்பாலோர் இறந்து, 18 பேர்தான் மிஞ்சினார்கள் என்பது வரலாறு. அவர்களுக்கு அரிசியும் எண்ணெயும் இறக்க ஆற்றங்கரையில் போட்ட கொட்டகைகள்தான் இந்த ஊருக்கு விதை. ஊர் பேரும் அதையே சொல்லுது. 'குவாலா' என்றால் ஆறு சேரும் முகம், 'லும்பூர்' என்றால் சேறு. மலாய் வழக்கப்படி, வந்து சேருகிற ஆற்றின் பெயரைத்தான் அந்த இடத்துக்கு வைப்பாங்க. அப்படிப் பார்த்தா இது குவாலா கோம்பாக் ஆகியிருக்கணுமே, எப்படி லும்பூர் ஆச்சு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. அது அவங்க பாடு.

1880-ல் சிலாங்கூரின் தலைநகரைக் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றினார்கள். மறு வருஷமே சோதனை. 1881 ஜனவரியில் தீ விபத்து, அத்தாப்பு வீடுகள் எரிந்தன. அதே வருஷம் டிசம்பரில் வெள்ளம், மிஞ்சியதையும் ஆறு அடிச்சுக்கிட்டுப் போனது. அதுக்குப் பிறகுதான் ஆங்கிலேய ரெசிடெண்ட் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனி கட்டினால் செங்கல்லும் ஓடும் வச்சுத்தான் கட்டணும் என்று உத்தரவு போட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம் ஆற்றின் போக்கிலேயே சற்றுக் கீழே இருந்தது. அதுதான் பிரிக்பீல்ட்ஸ். தீபாவளிக்குத் துணி வாங்கப் போகும்போது 'செங்கல் வயல்' என்று நினைச்சுப் பாருங்க, சும்மா வந்த பேர் இல்லை.

இந்தக் காலகட்டத்தில்தான் நம்ம கோயில் வருது. 1873-ல் தம்புசாமி பிள்ளை ஸ்தாபித்தது. முதல்ல இருந்த இடம் இப்போதைய பழைய ரயில் நிலையத்தின் பக்கம், வெறும் அத்தாப்புக் கொட்டகை. 1885-ல் இன்றைய இடத்துக்கு மாறினது, 1887-ல் செங்கல் கட்டடம் ஆனது. 1886-ல் கோலாலம்பூர் - கிள்ளான் ரயில் ஓட ஆரம்பித்தது. இந்த வருஷங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. படகு வந்த ஊர் ரயில் வர்ற ஊரா மாறிய அதே ரெண்டு மூணு வருஷத்துலதான் அம்மனும் இடம் மாறி, செங்கல் சுவருக்குள்ள குடியேறியிருக்கா. கோயில் இருக்கிற தெருவுக்கு வெள்ளைக்காரன் காலத்துல 'ஹை ஸ்ட்ரீட்' என்று பேர். சுற்றியுள்ள பகுதியைவிட மேடா இருந்ததால, வெள்ளம் வந்தாலும் அவ்வளவா ஏறாது, அதனால அந்தப் பேர் என்று சொல்வதுண்டு. ஆத்தைப் பார்த்துப் பயந்த ஊர் இது, அந்தப் பயம் தெருப் பேர்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு.

ரயில் வந்ததும் ஆற்றுக்கு மதிப்பு போச்சு. அதுவரைக்கும் சரக்கு வந்ததும் ஈயம் போனதும் ஆறு வழியாகத்தான், நாட்கணக்கில் துடுப்புப் போட்டு. ரயில் வந்த பிறகு ஊர் ஆற்றுக்கு முதுகைக் காட்ட ஆரம்பித்தது. இதை நான் உவமைக்குச் சொல்லலை. நேரில் போனா பார்க்கலாம், 1897-ல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் முகம் திடலைப் பார்த்து இருக்கு, முதுகு ஆற்றைப் பார்த்து இருக்கு. புதுப் பாதை அந்த முதுகுப் பக்கமாத்தான் போகுது. ஆற்றைப் பார்த்து முகம் வச்சது ஒரே ஒரு கட்டடம், மஸ்ஜிட் ஜாமெக். ஏ.பி. ஹப்பாக் வரைந்தது, 1909 டிசம்பரில் திறந்தது, பழைய மலாய் இடுகாடு இருந்த இடத்தில் கட்டியது. நம்ம கோயில் குளத்துப் படி மாதிரி, அந்தக் காலத்துல தொழுகைக்கு வர்றவங்க ஆற்றுல இறங்கிக் கை கால் கழுவப் படி இருந்தது. சாமி வேற, பள்ளிவாசல் வேற. ஆனா சுத்தமான தண்ணியைத் தொட்டுட்டுத்தான் உள்ளே போகணும் என்கிற எண்ணத்துல ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

இப்போ பத்துமலைக்கு வருவோம். அந்தக் குகைக்குள் வேலை ஸ்தாபித்து வழிபாட்டைத் தொடங்கி வைத்ததும் அதே தம்புசாமி பிள்ளைதான். 1850-ல் சிங்கப்பூரில் பிறந்தவர், சிலாங்கூரில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஈயச் சுரங்கம் நடத்தி, ரயில் குத்தகையும் எடுத்தவர். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்குது. 'பத்து' என்பது நம்ம எண் பத்து இல்லை, மலாய்ல கல். ஆறு படைவீட்டோட மலேசியாவுல நாலு சேர்த்து இது பத்தாவது மலை என்று நம்ம ஆளுங்க அழகா ஒரு விளக்கம் சொல்லுவாங்க, கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா பேர் வந்த வழி வேற. ஆற்றுக்கு சுங்கை பத்து என்று பேர், அந்த ஆற்றின் பேர்தான் குகைக்கும் வந்தது. நகரத்திலிருந்து அங்கே போகிற பாதைக்கு பத்து ரோடு என்று பேர் வச்சாங்க. இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானின் பழைய பேர் அதுதான். ஆறு இல்லாட்டி இந்தப் பேர் ஒண்ணும் இல்லை.

தேர் போகிற வழி சுமார் 15 கிலோமீட்டர். இரவில் கோயிலை விட்டுப் புறப்பட்டு, கிள்ளான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஜாலான் ஈப்போ நெடுக அர்ச்சனைத் தட்டுக்கு நின்னு நின்னு, மறுநாள் வெயில்லதான் போய்ச் சேரும். முன்னாடி மாடு இழுத்த மரத்தேர், இப்போ வெள்ளி ரதம். தேர் பின்னாடி நடக்கிறவங்க கால்ல செருப்பு இருக்காது. தார் ரோட்டு சூடு என்னான்னு ஜாலான் ஈப்போ பந்தல்ல வந்து பாதத்துல தண்ணி ஊத்தச் சொல்லுற அம்மாமார்களைக் கேட்டா தெரியும். போன வருஷம் ஒரு பாட்டி, எழுபதுக்கு மேல இருக்கும், காலை நீட்டி உட்கார்ந்துகிட்டு சொன்னாங்க: "முன்னெல்லாம் வழி நெடுக மரம் இருந்துச்சுய்யா. ஆத்துல இறங்கி முகம் கழுவிட்டு நடப்போம்." நான் அதுக்கு என்ன பதில் சொல்ல? இன்னொரு கப் மோர் கொடுத்தேன்.

ஆறு எப்போ நம்ம கையை விட்டுப் போச்சு? ஒரே நாள்ல இல்லை. 1926 கடைசியில் பெரிய வெள்ளம் வந்த பிறகு நகரத்துக்குள் ஆற்றை நேராக்கிக் கரை கட்ட ஆரம்பித்தார்கள். பெரிய அடி 1971 ஜனவரி வெள்ளம். நகரத்தின் நடுப்பகுதி முழுக்கத் தண்ணிக்குள்ள. பிரதமர் துன் அப்துல் ரசாக் பேரிடர் நிலையை அறிவித்தார். அந்தத் தலைமுறை ஆளுங்க இன்னமும் 'எழுபத்தொண்ணு வெள்ளம்' என்றுதான் வயசைக் கணக்குப் போடுவாங்க. அதுக்குப் பிறகு வெள்ளத் தடுப்பு வேலைகள் தொடங்கின. ஆற்றை அகலப்படுத்தினாங்க, ரெண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் எழுப்பினாங்க, பத்து அணைக்கட்டு வந்தது, 2007-ல் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்மார்ட் சுரங்கம் வந்தது. இதைக் குறை சொல்லலை. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்து பார்த்தவங்களுக்குத்தான் அந்தச் சுவரோட அருமை தெரியும். ஆனா சுவர் எழும்பினதும் ஆறு பெரிய லோங்காங் ஆயிருச்சு. அதுக்குத் தலைமேல எல்ஆர்டி தண்டவாளம் போட்டாங்க. 2001-ல் அம்பாங் மேல்மட்ட நெடுஞ்சாலையையும் கிள்ளான் ஆற்றின் மேலேயே தூண் நட்டுக் கட்டினாங்க. ஆறு எங்கே இருக்கு என்று குழந்தையைக் கேட்டா தெரியாது. பாலத்துல காரை ஓட்டிக்கிட்டுப் போகும்போது குப்பை நாத்தம் அடிச்சா அங்கே ஆறு.

கரையில இருந்தவங்க கதையையும் சொல்லியே ஆகணும். ரயில்வேயிலயும் பொதுப்பணியிலயும் நகராண்மையிலயும் உடம்பால உழைச்சவங்கள்ல நம்ம ஆளுங்க ஏராளம். செந்தூல்லயும் பிரிக்பீல்ட்ஸ்லயும் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைச்சவங்க பாக்கியசாலிங்க. கிடைக்காதவங்க, பிறகு தோட்டத்தை விட்டு வந்தவங்க, ஆற்றோரப் புறம்போக்குல பலகை வீடு கட்டினாங்க. வீடு வந்தா கூடவே ஒரு மரத்தடியில முனீஸ்வரரும் காளியம்மாவும் வந்துருவாங்க. அந்தக் கரைகளைத்தான் ஆற்றை அகலப்படுத்தவும் ரோடு போடவும் எடுத்தாங்க. ஜனங்க அடுக்குமாடிக்குப் போனாங்க. சாமி சிலது கூடவே போச்சு, சிலது வேற கோயில்ல ஒதுங்கிச்சு, சிலது எங்கே போச்சுன்னு கேட்கவும் ஆள் இல்லை. இன்னைக்கு நடைபாதையில நின்னு படம் எடுக்கிறப்போ, இந்த மண்ணுல அடுப்பு எரிஞ்சிருக்கு, பொங்கல் பொங்கியிருக்கு என்கிறதும் ஞாபகத்துல இருக்கட்டும். தகவல் பலகையில அது இல்லை.

சரி, புதுப் பாதை எப்படி வந்தது? 'ரிவர் ஆஃப் லைஃப்' என்று அரசாங்கம் 2010-க்குப் பிறகு எடுத்த பெரிய திட்டம், 440 கோடி ரிங்கிட். மூணு வேலை: ஆற்றைச் சுத்தம் பண்றது, கரையை அழகாக்குறது, கரையோர நிலத்தை மேம்படுத்துறது. சுத்தம் பண்ண வேண்டிய நீளம் 110 கிலோமீட்டர், அழகாக்க வேண்டியது 10.7 கிலோமீட்டர். மஸ்ஜிட் ஜாமெக் கூடுதுறைப் பகுதியை 2017 ஆகஸ்ட் 28-ல் திறந்தாங்க. ராத்திரியில நீல விளக்கும் பனிமூட்டம் மாதிரி புகையும் விடுறாங்களே, அதுக்கு 'கோலாம் பீரு' என்று பேர். நீலக் குளம். மலாய்ல 'கோலாம்' நம்ம 'குளம்' என்கிற சொல்தான், கப்பல் ஏறி வந்து மலாய்க்காரர் வாயில அப்படி ஆச்சு. அங்கே போற நம்ம பிள்ளைங்களுக்கு இதை மட்டுமாவது சொல்லிக் கொடுங்க.

இதுக்கு முன்னாடியே, 2015-ல், மிட்வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா வரை 5.5 கிலோமீட்டர் சைக்கிள் பாதை ஒண்ணு திறந்தாங்க. அதுல கொஞ்ச தூரம் பிரிக்பீல்ட்ஸ் பின்பக்கமா கிள்ளான் ஆற்றை ஒட்டிப் போகும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, கூடுதுறைக்குத் தெற்கே வழி ஓரளவு இருக்கு. மோட்டார் சைக்கிள்காரங்க உள்ளே நுழையுறாங்க, சில இடம் இருட்டு, ஆனாலும் வழி என்று ஒண்ணு இருக்கு. வடக்கேதான் சிக்கல். கூடுதுறையிலிருந்து கோம்பாக் ஆற்றைப் பிடிச்சு மேலே போனா பாதை விட்டு விட்டுத்தான் வருது. நடுவுல நெடுஞ்சாலைத் தூண், பராமரிப்பு வண்டி மட்டும் போற வேலி போட்ட கரை, திடீர்னு ஒரு சுவர். சுங்கை பத்து வந்து சேருகிற இடத்துக்கு மேல இன்னும் மோசம்.

இதைத்தான் நான் பேச வந்தேன். தெற்கே சுற்றுப்பயணிக்கு வழி இருக்கு, வடக்கே பக்தருக்கு வழி இல்லை. தைப்பூசத்துக்கு நடக்கிற ஜனத்தொகை எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். அவங்கள்ல வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க, பால்குடம் எடுக்கிறவங்க, தேரோட போகாம தனியா நடக்கிறவங்களுக்கு மட்டுமாவது ஆற்றோரமா ஒரு நிழல் வழி கிடைச்சா, லோரி புகையும் காரும் இல்லாம நடந்திடலாம். வருஷத்துல மிச்ச நாளெல்லாம் அதே வழியில செந்தூல் பிள்ளைங்க சைக்கிள் ஓட்டலாம், பெரியவங்க காலையில நடக்கலாம். தேர் வழியை மாத்தச் சொல்லலை, அதை யாரும் கனவுலயும் நினைக்க வேண்டாம். தேர் ரோட்டுலதான் வரணும், வீட்டு வாசலுக்கு சாமி வரணும்.

மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதலாம், எழுதத்தான் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி அவங்க ஒரு கேள்வி கேட்டா நம்மகிட்ட பதில் இருக்கணும். தைப்பூசம் முடிஞ்ச மறுநாள் சுங்கை பத்துக் கரையைப் பார்த்திருக்கீங்களா? நான் துப்புரவுக் குழுவுல இறங்கியிருக்கேன். முடி, எலுமிச்சம்பழம், மாலை, கிழிஞ்ச மஞ்சள் துணி, பாலித்தீன் பையில மிச்சச் சோறு, ஒரு தடவை முழுசா ஒரு காவடிச் சட்டம். ஆத்துத் தண்ணி குளிக்கிற தரத்துல இல்லை என்றுதானே கரையில குழாய் வரிசை போட்டுக் கொடுத்திருக்காங்க. மேலே இருக்கிற தொழிற்சாலையும் பசாரும் கெடுத்தது நிறைய, அதுல சந்தேகம் இல்லை; ரிவர் ஆஃப் லைஃப் திட்டத்துல பசார்களுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு வச்சதே அதுக்காகத்தான். ஆற்றை ஆள் இறங்கி விளையாடுகிற தரத்துக்கு, அவங்க கணக்குல 'இரண்டு பி' வகுப்புக்கு, 2020-க்குள்ள கொண்டு வரணும் என்பது அந்தத் திட்டத்தோட குறி. கூடுதுறையில நின்னு தண்ணி நிறத்தைப் பார்த்தா நீங்களே முடிவு பண்ணிக்கலாம். ஆனா மாலையைப் பாலித்தீனோட கட்டி ஆத்துல விடுறது தொழிற்சாலைக்காரன் இல்லை. சாமிக்குப் போட்ட மாலை கால்ல மிதிபடக்கூடாது, ஓடுற தண்ணியில விடணும் என்பது சாஸ்திரம்தான், ஒத்துக்கிறேன். அந்தச் சாஸ்திரம் எழுதினப்போ மாலையில நூலும் வாழைநாரும்தான் இருந்துச்சு. இப்போ கம்பி, ஜிகினா, பிளாஸ்டிக் பூ. நம்ம கோயில்ல ரெண்டு வருஷமா மாலையைப் பிரிச்சுப் பூவை உரக்குழியில போடுறோம், நந்தியாவட்டைச் செடி அந்த உரத்துல எப்படி நிக்குதுன்னு வந்து பாருங்க. குருக்கள் ஐயா முதல்ல முகம் சுளிச்சார். இப்போ அவரே கம்பியை உருவித் தனியா வைக்கிறார்.

கடைசியா ரெண்டு வேண்டுகோள்.

உங்க வீட்டுப் பழைய ஆல்பத்துல, சுங்கை பத்துல ஆளுங்க இறங்கிக் குளிக்கிற படம், பத்துமலைக்குத் தைப்பூச ரயில் ஏறின படம், ஆற்றோரப் புறம்போக்கு வீடு, மரத்தடி சாமி, எதுவா இருந்தாலும் ஒரு நகல் அனுப்புங்க. பின்னாடி வருஷம் எழுதியிருந்தா அதையும் சேர்த்து எடுங்க. கடிதத்தோட இணைக்கணும். இந்தக் கரையில நாம இருந்தோம் என்கிறதுக்கு வாய்ச்சொல்லைத் தவிர நம்மகிட்ட வேற பத்திரம் இல்லை.

வர்ற சனிக்கிழமை காலை 6.30-க்கு மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி வாசல்ல கூடுறோம். கேள்வி கேட்ட தம்பியும் சைக்கிளோட வர்றார். கோம்பாக் ஆற்றை ஒட்டி எவ்வளவு தூரம் போக முடியுதோ அவ்வளவு போய், வழி அறுந்து போற ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்துக் குறிச்சுக்கணும். மிச்சத்தை ஜாலான் ஈப்போ வழியா நடந்து முடிச்சு, பத்துமலையில இருந்து கொமுட்டர் ரயில்ல திரும்பிடலாம். தொப்பி, தண்ணி பாட்டில் அவசியம். இட்லி நம்ம கோயில் மடப்பள்ளியில இருந்து வரும், எத்தனை பேர் என்று வியாழக்கிழமைக்குள்ள கீழே எழுதிடுங்க.

முருகா சரணம்.